ஏலக்காவின் வாய்

இந்தப் பேப்பரில் மை ஊறுகிறது. ஸ்டேஷனுக்கு வாங்குகிற பேப்பர் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், குறையாகச் சொல்லவில்லை. பதிமூன்று வருடம் தினமும் மூன்று கட்டம் போட்டுக் கோடு இழுத்தவனுக்குப் பேனா வைத்த இடத்தில் மை பரவினால் கொஞ்சம் எரிச்சல் வரும்.

வாக்குமூலத்தைத் தானே எழுதிக்கொள்வதாக உங்கள் ரைட்டர் சொன்னார். முதல் வரியிலேயே மூன்று சுழி போட்டு 'மணைவி' என்று எழுதினார். இரண்டாவது வரியில் 'பார்த்தேன்' என்பதற்குப் புள்ளி இல்லை. அதனால்தான், இன்ஸ்பெக்டர் ஐயா, நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். ஒருவனை உள்ளே தள்ளுவதென்றாலும் எழுத்துப் பிழை இல்லாமல் தள்ளவேண்டும்.

பெயர் செல்லப்பாண்டி. அனுமந்தன்பட்டிக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்துக் காவல் வீட்டில் குடியிருப்பு. பத்திரிகையில் 'சுழி' என்று கையெழுத்துப் போடுவேன். 'ஏலக்கா' படத்தொடர் என்னுடையது. என்னைக் கூட்டிவந்த அன்று உங்கள் வீட்டில் தலைப்புச் செய்திக்கு முன்னால் ஏலக்காவைத்தான் படிப்பார்கள் என்றும், உங்கள் வீட்டம்மா அதை வெட்டி பிரிட்ஜில் ஒட்டிவைப்பார் என்றும் சொன்னீர்கள். கைதியிடம் சொல்வதற்கு அது தேவையில்லாத தகவல். ஆனால் எனக்குப் பழக்கம்தான். இந்தப் பள்ளத்தாக்கில் எதையாவது வெட்டி எதிலாவது ஒட்டிவைப்பவர்கள் நிறையப் பேர்.

ஏலக்கா யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கோர்ட்டில் படிப்பவருக்காக எழுதுகிறேன். விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, மலை மேடு தாண்டி, கேரளாவில் ஏலத் தோட்டத்தில் களை எடுத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புகிற ஒரு பொம்பளை. வாய் அதிகம். கங்காணியை, ஜீப் டிரைவரை, சாமியை, புருஷனை, யாரையும் விடமாட்டாள். மூன்றாவது கட்டத்தில் அவள் ஒன்று சொல்லுவாள், படிக்கிறவன் சிரிப்பான். ஏலக்காய் பறிக்கிற அக்கா, அதனால் ஏலக்கா. பெயரே பாதி வெற்றி என்று பத்திரிகை ஆசிரியர் தமிழ்மாறன் மதுரையிலிருந்து போன் பண்ணிச் சொன்னார். பெயரை வைத்தது நான்தான். முத்துப்பேச்சி ஒரு நாள் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, "அங்கன எல்லாரும் என்னைய ஏலக்கான்னுதேன் கூப்பிடுறாக" என்றாள். அவள் சொன்னாள், அவ்வளவுதான். வைத்தது நான்.

முத்துப்பேச்சி என் மனைவி. இரண்டு சுழி.

1996இல் நான் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். உரம், பூச்சி மருந்து, பால்டாயில் என்று சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை என் கை படாத சுவர் இல்லை. கத்திரிக்காய் மூக்கு வைத்த ஒரு விவசாயி படத்தைப் பார்த்துவிட்டுத் தமிழ்மாறன் ஆள் அனுப்பினார். தேனிப் பதிப்புக்கு ஒரு படத்தொடர் வேண்டும் என்றார். முதல் ஆறு மாதம் நான் என் சொந்த யோசனையில் போட்டேன். அதிகாரி, அமைச்சர், லஞ்சம், மழை என்று உயர்ந்த விஷயங்கள். ஒரு கடிதம்கூட வரவில்லை. நகைச்சுவையைப் புரிந்துகொள்ள ஒரு தகுதி வேண்டும், அது இங்கே கிடையாது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் அவசரத்துக்கு முத்துப்பேச்சி அடுப்படியில் சொன்னதைப் போட்டேன். அடுத்த வாரம் பதினெட்டுக் கடிதம். அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். அவள் பேசுவாள், நான் குறிப்பேன். தங்கம் மண்ணில் கிடக்கிறது என்பதற்காக மண்ணுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்பதும் தெரியாது. நூறு வார்த்தை கொட்டுவாள், அதில் எட்டு வார்த்தையை எடுத்து ஒழுங்காகக் கட்டத்துக்குள் உட்காரவைக்கிறவன் நான். பெரிய எழுத்தாக எழுதுவேன். படிப்பவர்கள் மந்தம் என்பதால் அப்படி.

ஒன்றைக் கவனித்திருந்தேன். பயம் வந்தால்தான் அவள் மிக நன்றாகப் பேசுவாள். மற்ற பெண்கள் பயந்தால் அழுவார்கள், இவளுக்குப் பேச்சு வரும். ஒரு முறை மலைப்பாதையில் ஜீப் கொண்டைஊசி வளைவில் சறுக்கிப் பாறையில் முட்டி நின்றது. பதினாறு பொம்பளைகள் ஒப்பாரி வைக்க, இவள், "ராசபாண்டி, சில்லறை இல்லாட்டி அடுத்த ஸ்டாப்புல தாரேன்னு சொன்னதுக்கா எமலோகத்து ஸ்டாப்புல நிப்பாட்டுற" என்று டிரைவரைக் கேட்டாளாம். ராஜபாண்டி அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நான் அதை இரண்டு நாளுக்குப் பிரித்துப் போட்டேன்.

அந்த ராஜபாண்டிதான் தினமும் ஜீப் கிளம்புமுன் பேப்பரை விரித்து ஏலக்காவைச் சத்தமாக வாசிப்பான். பொம்பளைகள் கேட்டுச் சிரிப்பார்கள். முத்துப்பேச்சியும் சிரிப்பாள். தன் பேச்சுதான் அது என்று அவளுக்கு ஒரு மாதிரி தெரியும். அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது. "எம்பேச்சுக்கு நீக சட்டை போட்டு விடுறீக" என்று ஒரு தடவை சொன்னாள். நல்ல வரி. போட்டேன்.

இந்த வருடம் தை மாதம்தான் கெட்டுப்போனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. 1988இல் ஒன்று பிறந்தது, பிறக்கும்போதே உயிர் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினபோது முத்துப்பேச்சி அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "ஏஞ்சாமி, உள்ள இருந்து பத்து மாசம் எம்பேச்சக் கேட்டது போதும்னு, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டியா." அப்போது எனக்குப் படத்தொடர் எதுவும் கிடையாது. ஆனாலும் நல்ல வரி மறப்பதில்லை. இருபது வருடம் மனசில் வைத்திருந்தேன். தையில் ஒரு வாரம் சரக்குக் குறைவாக இருந்ததால் எடுத்துப் போட்டேன். பிள்ளை என்று போடவில்லை. எனக்கும் நாகரிகம் உண்டு. அடைகாத்த கோழி முட்டை ஒன்று பொரியாமல் போக, ஏலக்கா அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்வதாகப் போட்டேன்.

ராஜபாண்டி ஜீப்பில் அதை வாசித்தான். எல்லோரும் சிரித்தார்கள். முத்துப்பேச்சி கிளம்பின ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்தாள். வந்து என் முன்னால் நின்றாள்.

"அது முட்டை இல்லைங்க" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"அது நம்ம புள்ளைக்கிச் சொன்னது."

"படிக்கிறவனுக்கு அது தெரியாதே."

"எனக்குத் தெரியும்ல. இனிமே இந்த வீட்டுல வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தா பேப்பர்ல போட்டுருவீக."

சொன்னபடியே இருந்தாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு இல்லை. அவள் தங்கச்சி மலையம்மாள் வந்தால் தோட்டத்து முனையில் போய் நின்று பேசுவார்கள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்கள். மலையம்மாளும் ஏலத் தோட்டத்துக்குப் போகிறவள்தான். எனக்கு அவளைப் பிடிக்காது, அவளுக்கும் என்னை. என் அக்கா காசில் மச்சான் படம் போடுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். ஒரு கலைஞனைச் சாப்பிடவைப்பதைச் செலவு என்று நினைக்கிறவர்களிடம் என்ன பேசுவது.

நான்கு மாதம் நான் என் சொந்த யோசனையில் ஏலக்காவைப் பேசவைத்தேன். எனக்கு அவை தரமாகத்தான் தெரிந்தன. தமிழ்மாறன் போன் பண்ணினார்.

"சுழி சார், ஏலக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"கிளாஸ் எடுக்கிறா சார். சித்திரை முடியிற வரைக்கும் பார்ப்போம். அப்புறம் அந்த இடத்துல சுடோகு போடலாம்னு நிர்வாகத்துல சொல்றாங்க."

சுடோகு. ஒன்பது எண்ணைக் கட்டத்தில் நிரப்புகிற விளையாட்டு. பதிமூன்று வருட உழைப்பை எடுத்துவிட்டு அங்கே ஒன்று, இரண்டு, மூன்று. அதை நிரப்புவதற்கும் ஆள் இருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏலக்கா போனால் நான் யார் என்று அன்று முழுவதும் யோசித்தேன். உர மூட்டையும் பூச்சி மருந்தும்தான் ஞாபகம் வந்தன.

இனி அந்த நாள். வீரபாண்டியில் தேர். ஜீப் ஓடவில்லை, ஊரே தேருக்குப் போயிருந்தது. சுற்றுத் தோட்டங்களில் ஒரு ஆள் இல்லை. நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மலையம்மாள் வந்தாள். முந்தின நாள் திருவிழாக் கடையில் அக்காவுக்காக வாங்கின செருப்பைக் கொடுத்தாள். சிவப்பு வார், குதிகாலில் ஒரு பூ. அவளுக்கு நான் உள்ளே இருப்பது தெரியாது. கொடுத்துவிட்டுத் தேருக்குப் போய்விட்டாள்.

அரை மணி நேரம் கழித்து முத்துப்பேச்சி தென்னமட்டை எடுக்க மாட்டுக் கொட்டத்துப் பக்கம் போனாள். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு வாருக்கு மேலே இரண்டு புள்ளி, லேசாக ரத்தம். முகம் வெளுத்திருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள்.

"மலை வாங்கியாந்த புதுச் செருப்புதேன் கடிக்குதுன்னு நெனச்சேன். புதுச் செருப்பு கடிக்கும்னு தெரியும். பல்லு வச்சுக் கடிக்கும்னு யாரும் சொல்லலையே."

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தேன். "என்ன பாம்பு, பார்த்தியா?" என்று கேட்டேன்.

"படம் எடுத்துச்சு. நல்ல பாம்பு. ஆயுசுக்கும் ஒரு நல்லது நடக்கலையேன்னு கெடந்தேன், இன்னைக்கு வீடு தேடி வந்துருச்சு."

ஐயா, இதை நீங்களும் சிரித்துப் படித்திருப்பீர்கள். செருப்பு வந்ததற்கு மறுநாள் பேப்பரில் வந்தது.

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்தேன். தலைக்குத் தலையணை வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மலையம்மாள் என்னை மிருகம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். என் சட்டைப்பையில் செல்போன் இருந்தது. சார்ஜும் இருந்தது. மொபெட்டில் பெட்ரோல் இருந்தது. உத்தமபாளையம் ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தொலைவு. எதையும் நான் மறைக்கவில்லை.

"போன் போடுங்க" என்றாள்.

"போடுறேன். முன்னாடி சொன்னதைத் திரும்பச் சொல்லு. வீடு தேடின்னு சொன்னியா, வாசல் தேடின்னு சொன்னியா?"

என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். அவள் முட்டாள் இல்லை. "வீடு தேடி" என்றாள். "எழுதிக்கிருங்க. எழுதிட்டுப் போனப் போடுங்க."

நான் போனைக் கையில் எடுத்தேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தொடர்ந்து பேசினாள். ஒன்று சொல்லுவாள், போனைப் பார்ப்பாள், நான் எழுதுவேன், இன்னொன்று சொல்லுவாள். நான்கு மாதமாக அடைத்துவைத்ததெல்லாம் வந்தது. இமை தொங்க ஆரம்பித்தது. "கண்ணு சொருகுது. வெசம் இல்லைங்க, இருவத்தியேழு வருசம் ஒரே மூஞ்சியப் பாத்தா எந்தக் கண்ணுதேன் தாங்கும்" என்றாள். அதுவும் வந்தது, அதற்கும் மறுநாள். என்னைப் பற்றிய கிண்டல்தான், ஆனாலும் போட்டேன். தொழிலில் நான் சொந்த விருப்பு வெறுப்பு பார்ப்பதில்லை.

ஒன்றேகால் மணிக்குமேல் நாக்குத் தடித்துவிட்டது. ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாக வந்தது. "போன் போடப் போறீகளா, இல்ல நோட்டுல இன்னும் எடம் இருக்கா?" அதை நான் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. மூன்று கட்டத்துக்கு அதில் விஷயம் போதாது.

அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் விளங்கவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள், அதை மெதுவாக விலக்கினேன், மையில் பட்டுவிடும். நோட்டை மூடிவிட்டு உள் அறைக்குப் போய்ப் பலகையை எடுத்தேன். இரண்டரை மணி நேரத்தில் நான்கு தொடர், பென்சில் அடித்து, மை ஏற்றி, எழுத்து எழுதி. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாகக் கோடு விழுந்ததில்லை. நடுவில் ஒரு முறை கட்டில் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. நான்கு மணிக்கு மொபெட்டில் உத்தமபாளையம் போய், மதுரை பஸ் கண்டக்டரிடம் வழக்கம்போலக் கவரைக் கொடுத்தேன். ஒரு டீ குடித்தேன். ஐந்து மணிக்குத் திரும்பிவந்து, ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆட்களிடம், காலையிலிருந்து நான் அல்லிநகரத்தில் பேப்பர் ஏஜென்ட் வீட்டில் இருந்ததாகவும், வந்து பார்த்தால் இவள் இப்படிக் கிடப்பதாகவும் சொன்னேன். திராட்சைத் தோட்டத்தில் பாம்பு கடித்துச் சாவது புதிது இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவளை எடுத்த மூன்றாம் நாள் பேப்பரில் செருப்பு வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். இதெல்லாம் பத்து நாளுக்கு முன்னாலேயே வரைந்து அனுப்பிவிடுவது, பத்திரிகை வேலை அப்படித்தான் என்று விளக்கினேன். அவர்களுக்கு அது பெரிய ஞானமாக இருந்தது. தமிழ்மாறன் இரங்கல் சொல்லப் போன் பண்ணினார். இரண்டு நிமிடம் துக்கம், பத்து நிமிடம் கடிதங்கள். "ஏலக்கா எந்திரிச்சுட்டா சார்" என்றார். சுடோகுவைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு மலையம்மாள் போகாமல் நின்றாள். மடியிலிருந்து நான்காக மடித்த பேப்பரை எடுத்துத் தரையில் விரித்து, ஏலக்காவின் மேல் விரலை வைத்தாள்.

"செ... ரு... ப்பு... செருப்பு. க... டி... க்கும்..." என்று கூட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எப்போதிருந்து படிக்கிறாய்?" என்றேன்.

"அறிவொளி வகுப்புல அ, ஆ கத்துக் குடுத்தாக. பெறகு ஒங்க ஏலக்காவ வச்சுத்தேன் மச்சான் பழகுனேன். ராசபாண்டி வாசிப்பான், நான் எட்டி எழுத்தப் பாத்துக்கிருவேன். நீக பெருசு பெருசா எழுதுறீகல்ல, அது எனக்கு ஒத்தாசையா இருந்துச்சு." விரலைச் செருப்பின் பூவில் நகர்த்தினாள். "இது எப்ப வரஞ்சது?"

"பேப்பரில் வருவதற்குப் பத்து நாளைக்கு முன்னாடி. எல்லாரிடமும் சொன்னேனே."

"பேப்பர்ல வாரதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடி வீரபாண்டியில கடையே போடல மச்சான். தேருக்கு மொத நாளு வாங்குனேன். தேரன்னைக்கு உச்சிக்கிக் கொண்டாந்து குடுத்தேன். அந்தியில அக்கா செத்துக் கெடந்தா. நீக அல்லிநகரத்துல இருந்ததாச் சொன்னீக. அப்ப, செருப்பு கடிக்குதுன்னு அக்கா யார்கிட்டச் சொன்னா?"

எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருத்தியிடம் விவாதம் செய்து என்ன ஆகப்போகிறது. அவள் பேப்பரை மறுபடி நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் மதுரைக்குப் போன் பண்ணி, என் கவர் தேரன்று ராத்திரி அவர்கள் கைக்கு வந்ததற்கான தேதி முத்திரையைக் கேட்டு வாங்கினீர்கள். அது உங்கள் திறமை என்று பேப்பரில் வந்திருக்கிறது. இருக்கட்டும்.

தப்பு எங்கே என்று லாக்கப்பில் யோசித்துப் பார்த்தேன். செருப்பில் பூ போட்டிருக்கக் கூடாது. ஒரு கோடு இழுத்து விட்டிருந்தால் அது எந்தச் செருப்பாகவும் இருந்திருக்கும். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி போடுவது என் கை. அதை மாற்றிக்கொள்ள என்னால் முடியாது.

நீங்கள் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். கையில் போன் இருந்தும் ஏன் போடவில்லை என்று. ரைட்டரும் கேட்டார். கொலை செய்யும் எண்ணம் இருந்ததா என்று கேட்டார். அப்படி எந்த எண்ணமும் எனக்கு இல்லை. அவள் சாவாள் என்று தெரியும், போன் போட்டால் பிழைத்திருப்பாள் என்றும் தெரியும். இரண்டையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பது தெரியாது, அதனால்தான் இந்தக் கேள்வி. ஒருத்தி அவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே எழுந்து போக முடியாது. அவள் ஒரே ஒரு நிமிடம் வாயை மூடியிருந்தால் போதும், நான் போன் போட்டிருப்பேன்.